வெள்ளியைத் திருடிய குட்டிச்சாத்தான்

ஃபோன் பேட்டரியில் கோபால்ட் இருக்கிறதே, அந்தப் பெயர் ஒரு ஜெர்மன் குட்டிச்சாத்தானிடமிருந்து வந்தது என்பார்கள். சாக்சனி மலைச் சுரங்கங்களில் வெள்ளி என்று நம்பி வெட்டிய தாதுவை உலையில் போட்டால் ஆர்சனிக் புகைதான் கிளம்பும். கோபோல்ட் என்ற அந்தக் குட்டிச்சாத்தான் வெள்ளியைத் திருடிக்கொண்டு இந்த விஷத்தை வைத்துவிட்டுப் போய்விட்டது என்று தொழிலாளிகள் திட்டினார்கள். நிக்கலும் அப்படித்தான். அதன் தாது பார்க்கச் செம்புத் தாது மாதிரி இருக்கும், உருக்கினால் செம்பு வராது. அதனால் 'செம்பு நிக்கல்' என்றார்கள்; நிக்கல் என்பதும் ஒரு குறும்புப் பூதம். 1751-ல் ஸ்வீடன்காரர் குரோன்ஸ்டெட் அந்த உலோகத்தைப் பிரித்தெடுத்தார். பெயரில் செம்பு போனது, பூதம் தங்கிவிட்டது.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. சுரங்க ஊரில் வைத்தியம் பார்த்த அக்ரிகோலா, நிலத்தடி உயிரினங்களைப் பற்றி 1549-ல் எழுதிய நூலில் பூதங்களையும் சேர்த்திருக்கிறார். அன்னாபெர்க் சுரங்கத்தில் ஒரு பூதம் மூச்சு விட்டே பன்னிரண்டு பேரைக் கொன்றதாம். எனக்கென்னவோ அது விஷக்காற்றாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் ஆளைக் கொல்வதை வேறு என்னவென்று சொல்லியிருப்பார்கள்?

ஜெர்மன் பாதாளக் கதை என்றாலே கிஃப்ஹாய்சர் மலைக்குள் தூங்கும் பார்பரோசா ராஜாவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். தாடி வளர்கிறதாம், மலையைச் சுற்றிக் காகம் பறக்கிறதாம். சரி, இருக்கட்டும். 1896-ல் அங்கே திறந்த நினைவுச்சின்னத்தில் அவருக்குப் பெரிய சிலையும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது ஹார்ட்ஸ் மலையின் சுரங்கத் துறவி. கிரிம் சகோதரர்கள் 1816-ல் வெளியிட்ட தொகுப்பில் வருகிறார்.

இரண்டு தொழிலாளிகள் உள்ளே இறங்கிய பிறகு பார்க்கிறார்கள், விளக்கில் ஒரு ஷிப்டுக்குப் போதுமான எண்ணெய் இல்லை. இருட்டில் ஏறினால் உயிர் போகும். எண்ணெய் எடுக்க வீட்டுக்குப் போனால் மேஸ்திரி தண்டிப்பான், அதுவும் ஆசையாக. அவனுக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. அப்போது துறவி உடையில் ஒரு ராட்சத உருவம் வந்து தன் விளக்கிலிருந்து இவர்களுக்கு எண்ணெய் ஊற்றுகிறது. அப்புறம் இவர்களுடைய கருவிகளையே எடுத்து, ஒரு வாரத்தில் முடியாத வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டுச் சுவரில் ஒரு குத்து. உள்ளே தங்கமும் வெள்ளியுமாக ஒரு பாதை திறக்கிறது. கண் கூசித் திரும்பிக்கொள்கிறார்கள். மறுபடி பார்த்தால் ஒன்றுமில்லை.

தங்கம் போனது. ஆனால் விளக்கில் எண்ணெய் குறையவே இல்லை, வருஷக்கணக்காக. சுரங்கத்தில் உழைத்தவனுக்குத்தான் இப்படி ஒரு வரம் தோன்றும். பிறகு ஒரு சனிக்கிழமை, குடித்த குஷியில் நண்பர்களிடம் உளறிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை இறங்கினால் விளக்கு காலி.