ஒரு பூஸ்டர் பாக்கெட்டுக்கா இந்தப் பாடு?

இன்னொரு தடவை யாராவது என்னிடம் "கடைப் போட்டிதானே, எதுக்கு இவ்வளவு சீரியஸ்?" என்று கேட்டால், கையில் இருக்கிற 75 கார்டையும் அவர் தலையில் கொட்டிவிட்டுக் கிளம்பிவிடுவேன். கேட்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம், மேஜிக் என்கிற இந்தக் கார்டு ஆட்டத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள். அவர்களை விட்டுவிடலாம், என் அம்மாவும் அதில் சேர்த்தி. அவரைப் பொறுத்தவரை நான் வெள்ளிக்கிழமை ராத்திரியானால் எங்கேயோ போய்ச் சீட்டாடிவிட்டு வருகிறவன். இன்னொரு ரகம், போன வாரம்தான் என்னை 2-0 என்று துவைத்துப் போட்டுவிட்டு, டெக்கை, அதாவது தன் கார்டுக் கட்டை, பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டே "ஜாலிக்குத்தானே ப்ரோ" என்கிற ஆசாமி. ஜாலியாம்! அந்த ஆள் முதல் நாள் ராத்திரி இரண்டு மணிக்கும் இதே ஆட்டத்தின் கம்ப்யூட்டர் வடிவமான அரீனாவில் ஆடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். (அந்த நேரத்தில் நான் எதற்கு விழித்திருந்தேன் என்பது இங்கே தேவையில்லாத கேள்வி.)

தெரியாதவர்களுக்காக: ஆட்டத்தின் பெயர் மேஜிக் தி கேதரிங். கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993-இல் வெளிவந்தது. வெள்ளி இரவுகளில் கடைகளில் நடக்கும் சின்னப் போட்டிக்கு ஃப்ரைடே நைட் மேஜிக் என்று பெயர். 2000-ஆம் ஆண்டிலிருந்து உலகம் முழுக்க நடக்கிறது. இங்கே சிங்கப்பூரில் நான் போகிற கடையிலும் நடக்கிறது. பன்னிரண்டு பதினான்கு பேர் வருவார்கள், நாலு சுற்று ஆடுவோம், ஜெயித்தால் பூஸ்டர் பாக்கெட். பாக்கெட்டுக்குள் 14 கார்டு. அதில் ஒன்றாவது நுழைவுக் கட்டணத்துக்குத் தேறினால் குலதெய்வம் கண் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, இதற்கு எதற்குத் தயாராக வேண்டும்? தயாராகாமல் போனால் நாலு சுற்றும் அடி வாங்கிக்கொண்டு மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்காகத்தான். பரிசு சின்னது என்பதற்காகத் தோற்பது இனிக்குமா என்ன?

எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. பெரிய போட்டிக்குத் தயாராவதற்கு உலகத்தில் இருக்கிற அத்தனை பேரும் வழி சொல்கிறார்கள். ஐந்நூறு பேர், ஆயிரம் பேர் ஆடுகிற போட்டி என்றால் யார் என்ன டெக் கொண்டுவந்தார்கள், எந்த டெக் எதனிடம் எத்தனை சதவீதம் ஜெயித்தது என்று கணக்கு போட்டு அட்டவணையாகவே கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்து எந்த டெக் அதிகமாக வருமோ அதற்கு மருந்து எடுத்துக்கொண்டு போகலாம். அந்த அட்டவணையை எங்கள் கடையின் பதினான்கு பேரிடம் கொண்டுபோனால் அது சுண்டல் மடிக்கத்தான் உதவும். பதினான்கு பேரில் ஒருத்தர் அலுத்துப்போய் டெக்கை மாற்றிவிட்டால் போதும், என் ஒரு வாரத் திட்டம் அம்பேல். இங்கே சதவீதம் கிடையாது, ஆட்களின் மனநிலைதான் உண்டு. மனநிலைக்கு யார் அட்டவணை போடுவது?

2025 அக்டோபரில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது ஸ்டாண்டர்டில், அதாவது சமீபத்திய தொகுப்புகளின் கார்டுகளை மட்டும் வைத்து ஆடுகிற பிரிவில், விவி-கால்ட்ரன் டெக்கின் அட்டகாசம். விவி என்ற கார்டைக் கல்லறைக்கு (கழிந்த கார்டுகள் போய்ச் சேரும் குவியல்) அனுப்பிவிட்டு, அங்கிருந்து அதைக் கால்ட்ரன் என்ற கொப்பரைக் கார்டுக்குள் இழுத்துக்கொண்டு, மற்ற ஜீவன்களுக்கும் விவியின் சக்தியை வரவழைப்பார்கள். அதன் பிறகு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. எங்கள் கடையில் மூன்று பேர் அதையே கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் உட்கார்ந்து யோசித்தேன். சைட்போர்டு என்பது 15 கார்டு. முதல் ஆட்டம் முடிந்ததும் எதிராளிக்குத் தகுந்தபடி டெக்குக்குள் மாற்றி வைத்துக்கொள்ளலாம். அதில் கோஸ்ட் வாக்யூம் என்ற கார்டை மூன்று பிரதி வைத்தேன். கல்லறையில் கிடக்கிற விவியைக் கொப்பரை தொடுவதற்குள் உறிஞ்சித் தூக்கி எறிந்துவிடும். எதை வெளியே எடுப்பது, எதை உள்ளே வைப்பது, நான் முதலில் ஆடினால் என்ன, இரண்டாவது ஆடினால் என்ன என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் வைத்துக்கொண்டேன்.

போனேன். ஒருத்தருக்கு அலுவலக விருந்து, வரவில்லை. இன்னொருத்தர் "அதே டெக்கை ஆடி ஆடி போரடிக்குது" என்று சிவப்பு டெக்குக்கு மாறிவிட்டார். மூன்றாமவர் விவியோடு வந்தார், ஆனால் நாலு சுற்றிலும் அவரோடு எனக்கு ஜோடி விழவே இல்லை. எனக்கு யாரோடு விழுந்தது தெரியுமா? பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்த ஒரு தம்பியோடு. அவன் டெக் என்னை அடிக்கவே அடிக்காது. என் டெக்கில் இருக்கிற கார்டுகளை ஒவ்வொன்றாகக் கல்லறைக்குத் தள்ளி, எடுக்கக் கார்டே இல்லாமல் பண்ணி ஜெயிக்கிற ரகம். இணையத்தில் எந்த அட்டவணையிலும் அந்த டெக் கிடையாது. என் துண்டுச் சீட்டிலும் இல்லை. இரண்டாவது ஆட்டத்துக்கு உள்ளே வைத்த என் மூன்று கோஸ்ட் வாக்யூமும் அவன் தள்ளிவிட்ட குவியலில் என் கண் முன்னாலேயே போய் விழுந்தன. "அங்கிள், நல்ல கேம்" என்று கை கொடுத்தான். அங்கிளாம்.

அடுத்த மாதம், நவம்பர் 10-ஆம் தேதி, விவியையே தடை செய்துவிட்டார்கள். ஜூனில் வெளிவந்த கார்டு அது, ஐந்து மாதம்கூட முழுதாக ஓடவில்லை. அதே ஆண்டு ஜூன் 30-இல் ஒரே அறிவிப்பில் ஏழு கார்டுகளுக்குத் தடை. அந்த ஆட்டம் ஒழுங்காக நடக்கத் தடை தேவைதான், நான் மறுக்கவில்லை. சிவப்பு டெக்காரர்கள் மூன்றாவது முறையிலேயே ஆளைக் கொன்றுகொண்டிருந்த கூத்துக்கு ஒரு முடிவு வந்ததில் எனக்கும் சந்தோஷமே. ஆனால் தடைப் பட்டியல் வெளியாகிற அன்று, வாரம் ஒரு தடவை பூஸ்டர் பாக்கெட்டுக்கு ஆடுகிறவன் நாலு பிரதிக்குக் கொடுத்த காசும் போகிறது, அந்த டெக்கைப் பழகிய நேரமும் போகிறது. சம்பளத்துக்கு ஆடுகிறவன் மறுநாளே அடுத்த டெக்கை எடுத்துக்கொள்வான். எனக்கு மாசக் கடைசி.

கார்டு சேகரிப்பதைப் பற்றிப் பேசினால் ரத்தக்கொதிப்பு ஏறும். ஒரு கார்டை டெக்கில் நாலு பிரதி வரை வைக்கலாம் என்பது விதி. நம்மிடம் எப்போதும் மூன்றுதான் இருக்கும், அது எழுதப்படாத விதி. நாலாவதைக் கடையில் கேட்டால் தீர்ந்துவிட்டது என்பார்கள். வாட்ஸாப் குழுவில் கேட்டால் ஒரு நல்ல மனுஷன் "என்கிட்ட இருக்குண்ணே, வெள்ளிக்கிழமை கொண்டாறேன்" என்பான். ஏழரைக்குப் போட்டி. ஏழு இருபதுக்கு நான் 59 கார்டை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நிற்பேன். போன் அடித்தால் "எம்ஆர்டில இருக்கேண்ணே, ரெண்டே ஸ்டேஷன்தான்". எந்த ஸ்டேஷனிலிருந்து ரெண்டு ஸ்டேஷன் என்று மட்டும் சொல்ல மாட்டான். கடைசியில் கடைக்காரரிடம் ஒரு அடிப்படை நிலக் கார்டை (மற்ற கார்டுகளை ஆடச் சக்தி தருவது) ஓசி வாங்கிச் சொருகிக்கொண்டு உட்காருவேன். அந்த நிலம்தான் முதல் ஆட்டத்தில் தப்பான நேரத்தில் கைக்கு வரும். வராமல் இருந்ததே இல்லை.

அப்புறம் இந்த ஸ்லீவ் சமாச்சாரம். டெக் 60, சைட்போர்டு 15, ஆக 75 கார்டுக்கும் ஒரே மாதிரி உறை போட வேண்டும். பின்பக்கத்தைப் பார்த்தே இன்ன கார்டு என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக. நியாயம்தான். ஐம்பது உறை பாக்கெட் ஒன்று வாங்கினால் பத்தாது, இரண்டாக வாங்க வேண்டும். இரண்டு பாக்கெட்டும் ஒரே கருநீலம் என்றுதான் அட்டையில் போட்டிருக்கும். வீட்டு விளக்கில் பார்த்தாலும் ஒரே நீலம்தான். கடையின் டியூப் லைட்டுக்குக் கீழே விரித்து வைத்தால் ஐம்பது ஒரு நீலம், மிச்சம் வேறொரு நீலம்! எதிரே இருப்பவர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒரு சிரிப்பு சிரிப்பார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுபடியும் எல்லாவற்றையும் உருவி, புதிய ஸ்லீவ் வாங்கி, ஒவ்வொன்றாக மாட்டி... அந்தக் காசைக் கூட்டிப் பார்த்தால் பரிசுப் பாக்கெட்டைக் கடையிலேயே நேராக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

பயிற்சி மட்டும் என்ன வாழுகிறதாம்? கூட ஆட ஆள் கிடைக்காது, அரீனாதான் கதி. ஒரே ஆட்டத்தில் முடிவு தெரிகிற பிரிவில் ஆடினால், ஆரம்பக் கை ரொம்ப மோசமாக வராதபடி அந்த மென்பொருள் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட கைகளைப் போட்டுப் பார்த்து, நிலக் கார்டு அளவாக இருப்பதைத் தர முயலும். ஒரு வாரம் அதில் ஆடிவிட்டு "அட, நம்ம டெக் வெண்ணெய் மாதிரி ஓடுதே" என்று நம்பிப் போனால், கடையில் நம் கையால் கலைத்து எடுக்கும்போது ஏழு கார்டில் ஒரு நிலம். மாற்றி எடுத்தால் ஆறு நிலம். அதோடு அரீனாவில் எந்தக் கார்டுக்கு எப்போது என்ன விளைவு என்பதைக் கம்ப்யூட்டரே ஞாபகம் வைத்துச் செய்துவிடும். மேசையில் அதெல்லாம் என் வேலை. ஒரு விளைவை மறந்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால் எதிராளி பெருமூச்சு விட்டு "பரவாயில்ல, போட்டுக்கோங்க" என்பார். பிச்சை போடுவதுபோல் ஒரு குரல் அப்போது வரும் பாருங்கள்.

இத்தனையும் தாண்டி, வேலையை ஆறு மணிக்கு முடித்து, சாப்பிடாமல் ஓடி, மூச்சு வாங்க உட்கார்ந்தால் முதல் சுற்று அட்டவணையில் என் பெயருக்கு எதிரே "பை" என்று இருக்கும். வந்தவர்கள் ஒற்றைப்படை எண்ணிக்கை, எனக்கு ஆள் இல்லை. ஆடாமலே 2-0 வெற்றி. 50 நிமிடம் சும்மா உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். வாழ்த்து வேறு சொல்வார்கள். கீழே காப்பிக்கடைக்குப் போய் ஒரு தே ஓ குடித்துவிட்டு வருவதற்குத்தானா நான் துண்டுச் சீட்டு எழுதினேன்?

இதைத் தட்டச்சிக்கொண்டிருக்கும்போதே கடைக் குழுவில் செய்தி வந்துவிட்டது. 2025-இல் மட்டும் ஸ்டாண்டர்டுக்கு ஆறு புதிய தொகுப்புகள் வந்தன, அந்த வேகம் இன்னும் குறைந்தபாடில்லை. தொகுப்புக்கு ஒரு முன்வெளியீட்டு வாரம் உண்டு, அந்த வாரம் எங்கள் வெள்ளிக்கிழமையை விழுங்கிவிடும். வந்த செய்தி இதுதான்: "நாளை ஸ்டாண்டர்ட் கிடையாது. முன்வெளியீடு நடக்கும். டெக் கொண்டுவரத் தேவையில்லை, பாக்கெட் இங்கேயே தரப்படும்." இன்றைக்கு வியாழக்கிழமை, ராத்திரி பத்தே முக்கால். இதைக் கடைக்கார ஐயா திங்கட்கிழமை சொல்லியிருக்கக் கூடாதா? முன்வெளியீட்டுத் தேதி நிறுவனம் மாதக்கணக்கில் முன்னாலேயே அறிவிக்கிற விஷயம், கடையின் நாட்காட்டியிலும் இருந்திருக்கும். நான் இப்போதுதான் எழுபத்தைந்தாவது ஸ்லீவை மாட்டினேன். குழுவில் பதினோரு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். நான் காட்டப்போவதில்லை.