தீவுக்கு ஒரு தளபதி போதும்

நாகை, நாகூர்ப் பக்கம் மலேயா போய் வந்த தாத்தா இல்லாத தெரு அபூர்வம். ரஜுலா கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள். 1942இல் பிரிட்டிஷ் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததைப் பற்றி அவர்கள் வழியாக வந்த கதை ஒன்று இன்னும் இங்கே ஓடுகிறது. "வெள்ளக்காரன் பீரங்கிய எல்லாம் கடலப் பாத்து வச்சிட்டான், ஜப்பான்காரன் கொல்லைப்பக்கமா வந்துட்டான்." கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிதான் சரி. அந்தப் பெரிய பீரங்கிகளில் சிலவற்றை வடக்கே திருப்பிச் சுடவும் செய்தார்கள். இருந்த குண்டுகள் பெரும்பாலும் கப்பல் கவசத்தைத் துளைப்பவை என்பதால் காலாட்படையிடம் அவை பெரிதாக எடுபடவில்லை.

என்னைக் கேட்டால், யார் சொன்னால் யார் கேட்பது என்பது கடைசிவரை தீராமல் போனதுதான் சிங்கப்பூர்த் தளத்தின் பெரிய வியாதி. 1940இல் புரூக்-போப்பம் என்ற விமானப்படை அதிகாரியைத் தூரகிழக்குத் தலைமைத் தளபதியாகப் போட்டார்கள். தரைப்படையும் விமானப்படையும் அவர் பேச்சைக் கேட்கும், கடற்படை கேட்காது. காக்க வேண்டியது கடற்படைத் தளம் என்பதை மறந்துவிடாதீர்கள்! ஆளுநரோ லண்டனில் உள்ள காலனி அலுவலகத்துக்குத்தான் பதில் சொல்வார். இதற்கெல்லாம் முன்பே விமானப்படை தன் வசதிப்படி மலேயாவின் வடகிழக்கில் உள்ள கோத்தா பாருவில் கடற்கரையை ஒட்டி ஓடுதளம் போட்டிருந்தது. அதைக் காவல் காக்கும் வேலை தரைப்படை தலையில் விழுந்தது. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் அங்கே இறங்க, அன்றைக்கே ஓடுதளத்தைக் கைவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து நடந்தது இன்னும் கொடுமை. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மலேயாவின் கிழக்கே குவாந்தான் கடலில் இருந்தன. சிங்கப்பூரின் செம்பவாங்கில் சண்டை விமானங்கள் தயாராக நின்றன. கப்பல்படைத் தளபதி பிலிப்ஸ் இருப்பிடம் தெரிந்துவிடும் என்று விமானம் கேட்டு வானொலியைத் தொடவே இல்லை. தாக்குதல் தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனபின் ரிபல்ஸின் கேப்டன்தான் செய்தி அனுப்பினார். விமானங்கள் வந்து சேர்ந்தபோது அங்கே மிதந்தவர்கள்தான் மிச்சம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலையக்கூட இல்லை அந்த மனுஷன், பட்டினியே கிடந்துவிட்டார். பிலிப்ஸும் பிழைக்கவில்லை.

இந்தக் கூத்தையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அட்மிரல் லேட்டன். 1942 மார்ச்சில் அவரை இலங்கைக்குத் தலைமைத் தளபதியாக்கினார்கள். இந்த முறை முப்படையும் அவருக்குக் கீழ், ஆளுநர் உட்பட சிவில் நிர்வாகமும் அவருக்குக் கீழ். சர்வாதிகாரம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்க மாட்டேன். அந்த மாதம்தான் ரங்கூன் விழுந்து பர்மா அரிசி நின்றது. அரிசி வராத தீவில் துறைமுகக் கூலி, ரேஷன், பீரங்கி எல்லாம் ஒரே பிரச்சினைதான். இதைத் தஞ்சாவூர்க்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 5இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு வந்தபோது துறைமுகத்திலிருந்து பெரும்பாலான கப்பல்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். குதிரைப்பந்தயத் திடலில் போட்டிருந்த ஓடுதளம் எதிரிக்குத் தெரியவே தெரியாது. மாலத்தீவின் அட்டு பவளத்தீவில் ரகசியமாகக் கட்டிய 'போர்ட் டி' தளமும் அப்படித்தான் தப்பியது.

ஒரே தளபதி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நான்கே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்ம்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது, அதுவும் மேலே காவலுக்கு விமானம் இல்லாமல். விமானம் பற்றாக்குறை என்றால் எந்தத் தளபதியாலும் மந்திரம் போட முடியாது. ஆனால் "அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்" என்ற பதிலுக்காவது இடம் குறையும். 1941 டிசம்பரில் ஜப்பான் தாக்கிய அமெரிக்கத் தளமான பேர்ல் ஹார்பரில் தரைப்படையும் கடற்படையும் தனித்தனியாக அந்தப் பதிலைத்தான் வைத்திருந்தன.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையிலும் இதைப் பார்த்தோம். அந்தமான் நிகோபார் தீவுகளில் உள்ள கார் நிகோபார் விமானப்படைத் தளத்திலிருந்து தண்ணீர் ஏறுகிறது என்ற தகவல் விமானப்படைக்கு வந்துவிட்டதாக அப்போதைய விமானப்படைத் தளபதியே பிறகு சொன்னார். அந்தத் தகவல் நாகப்பட்டினம் கடற்கரைக்கு வந்து சேரவில்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

இத்தனைக்கும் அந்தமானில் 2001 முதலே முப்படைக் கூட்டுக் கட்டளை, அதாவது மூன்று படைகளையும் ஒரே தளபதியின் கீழ் வைக்கும் அமைப்பு, இருக்கிறது, நாட்டிலேயே முதலாவது. பல படையினரும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில், வேறு படைக்காரர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கத் தளபதிக்கு அதிகாரம் தரும் தனிச் சட்டம் 2023இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இப்போது நாடு முழுக்கக் கூட்டுக் கட்டளைகள் அமைப்பது பற்றி வாதம் நடக்கிறது. இருக்கிற கொஞ்சம் விமானங்களைக் கூறுபோட்டுவிடாதீர்கள் என்று விமானப்படைத் தரப்பில் சொல்கிறார்கள். நிலப்பகுதியைப் பொறுத்தவரை அது நியாயமான பயம்தான், பேசித் தீர்க்கட்டும். அந்தமானுக்கு அந்த வாதம் பொருந்தாது. கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் தீவுக்கூட்டம் அது. அங்கே நிற்கும் விமானத்தை எப்போது கிளப்புவது என்பதை அங்கே இருப்பவரே முடிவு செய்யட்டும். டெல்லியிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.