வெட்டுண்ட பாம்பு பிரிட்டனை எதிர்த்து வரையப்பட்டதா?

துண்டு துண்டான ஒரு பாம்பு, கீழே 'சேருங்கள், இல்லையேல் சாவீர்கள்' என்ற வாசகம். "1776இல் பிரிட்டனை எதிர்த்து பெஞ்சமின் பிராங்க்ளின் வெளியிட்ட கார்ட்டூன், 13 துண்டுகளும் 13 காலனிகள்" என்ற குறிப்போடு இந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பிராங்க்ளின் பெயர் சரி. மற்றவை தவறு.

இது 1754 மே 9 அன்று பிராங்க்ளினின் 'பென்சில்வேனியா கெஜட்' வார இதழில் வந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அதன் பிரதி இருக்கிறது. காலனிகள் என்பவை அமெரிக்காவில் பிரிட்டன் ஆண்ட பகுதிகள். அப்போது அவற்றின் எதிரி பிரான்ஸ். ஓஹையோ ஆற்று முனையில், இன்றைய பிட்ஸ்பர்க் இருக்கும் இடத்தில், ஆங்கிலேயரின் கோட்டையைப் பிரெஞ்சுப் படை பிடித்த செய்தியோடுதான் படம் அச்சானது. பிராங்க்ளினோ அன்று பிரிட்டிஷ் மன்னரின் விசுவாசமான குடிமகன்!

சரி, துண்டுகளை எண்ணிப் பாருங்கள். எட்டுதான். தலையில் உள்ள எழுத்துகள் நியூ இங்கிலாந்தைக் குறிக்கின்றன. நான்கு காலனிகள் அந்த ஒரே துண்டில் அடக்கம். அப்புறம் நியூயார்க்கில் தொடங்கி வால் நுனியில் தென் கரோலினா வரை ஏழு. ஜார்ஜியாவும் டெலவேரும் படத்தில் இல்லவே இல்லை. வெட்டிய பாம்பைப் பொழுது சாய்வதற்குள் ஒட்டவைத்தால் உயிர் பெறும் என்றொரு நம்பிக்கை அந்நாளில் இருந்ததாம். கேலிச்சித்திரத்துக்கு வசதியான நம்பிக்கை.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 1765இல், அச்சிட்ட தாள்களுக்கும் ஆவணங்களுக்கும் பிரிட்டன் விதித்த முத்திரை வரியை எதிர்த்தவர்கள் இதே பாம்பைக் கையில் எடுத்தார்கள். 1774இல் 'மாசசூசெட்ஸ் ஸ்பை' இதழின் முகப்பில், பிரிட்டனைக் குறிக்கும் டிராகனை நோக்கி அது சீறியது. அந்த முகப்பைச் செதுக்கியவர் பாஸ்டன் வெள்ளிக் கொல்லர் பால் ரிவியர்.