பாயின்ட் ஆஃப் ஆர்டர்: யாருடைய உரிமை, எதற்கான உரிமை?

நாடாளுமன்ற நேரலையில் அடிக்கடி காதில் விழும் சொற்றொடர் ‘பாயின்ட் ஆஃப் ஆர்டர்’. ஒழுங்குப் பிரச்சினை என்று தமிழில் சொல்கிறோம். அமளிக்கு நடுவே உறுப்பினர் ஒருவர் இதைச் சொல்லி எழும்போது, கூச்சலை அடக்கச் சொல்கிறார் என்றோ, பேச வாய்ப்புக் கேட்கிறார் என்றோ பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர் சொல்வது, இந்த நொடியில் நடக்கும் அலுவல் விதிக்குப் புறம்பாக இருக்கிறது, தலைவர் இப்போதே தீர்ப்பளிக்க வேண்டும் என்பதுதான்.

மக்களவையின் 376ஆவது விதி இதைத் தெளிவாகவே வரையறுக்கிறது. எழுப்பப்படும் பிரச்சினை அவையின் விதிகளையோ, அவை நடவடிக்கைகளை நெறிப்படுத்தும் அரசமைப்புச் சட்டப் பிரிவுகளையோ பற்றியதாக இருக்க வேண்டும். தகவல் கேட்பதற்கும், தன்னிலை விளக்கம் தருவதற்கும், நடக்காத ஒன்றை ஊகித்துப் பேசுவதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது. அதன்மேல் விவாதம் கிடையாது. அவைத்தலைவரின் முடிவே இறுதியானது. இவ்வளவு இருந்தும், மறுப்புரை சொல்ல வேறு வழி கிடைக்காதவர்கள் இதையே குறுக்குவழியாக்கிக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஏனென்றால், பெரும்பான்மையும் பதவியும் இல்லாத ஒற்றை உறுப்பினர் ஒரு கூட்டத்தையே நிறுத்திக் கேள்வி கேட்க வழிசெய்யும் கருவி இது.

அதன் வலிமையை ஒரு குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுவில் நேரில் பார்த்தேன். ‘தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்’ என்ற தலைப்பின் கீழ் பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானத்தைச் செயலாளர் வாசித்தார். கைகள் உயரத் தொடங்கிவிட்டன. தொழிற்சங்க அனுபவமுள்ள ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் எழுந்து, “தலைவர் அவர்களே, பாயின்ட் ஆஃப் ஆர்டர். கட்டண உயர்வை முன்கூட்டியே நோட்டீஸில் குறிப்பிட வேண்டும் என்று நமது பைலா சொல்கிறது. நோட்டீஸில் அது இல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தலைவர் பைலாவைப் புரட்டிப் பார்த்துத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார். உயர்வு நியாயமா இல்லையா என்பதைப் பற்றி அந்த அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசியிருந்தால் அது விவாதமாகியிருக்கும்.

பிரிட்டனின் மக்கள் சபையில் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதுகூட இந்தப் பிரச்சினையை எழுப்பலாம். ஆனால் 1998 வரை, அப்படி எழுப்புபவர் தலையில் தொப்பியுடன் உட்கார்ந்தபடிதான் பேச வேண்டும். அதற்கென்றே மடக்குத் தொப்பிகளை அவையில் வைத்திருந்தார்கள். பரபரப்பில் யார் பேச விரும்புகிறார் என்பது அவைத்தலைவரின் கண்ணில் படுவதற்கான ஏற்பாடு அது. நம் மக்களவையிலோ, ஒரு தீர்மானம் அவையின் முடிவுக்கு விடப்படும்போது இதை எழுப்பவே முடியாது.

அமெரிக்காவில் ராணுவப் பொறியாளரான ஹென்றி ராபர்ட் 1876இல் வெளியிட்ட கூட்ட நடைமுறை நூலைப் பின்பற்றும் சங்கங்களில், தலைவரின் தீர்ப்பை எதிர்த்துக் கூட்டத்திடமே முறையிடவும் இடமுண்டு. நம் ஊர்ச் சங்கங்களின் பைலாக்களிலும் இந்த ஏற்பாட்டைச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தவறு செய்தவராகச் சுட்டப்படுபவர் பல நேரங்களில் தலைவராகவே இருக்கிறார். அவரே தீர்ப்பும் சொல்லி முடித்துவிட்டால் உறுப்பினர் எங்கே போவார்? அதேபோல், எழுந்து நிற்பவரும் எந்த விதி மீறப்பட்டது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். மக்களவையில் “எந்த விதியின் கீழ்?” என்று தலைவர் திருப்பிக் கேட்பது உறுப்பினரின் வாயை அடைப்பதற்காக அல்ல; விதி எதுவென்று தெரியாமல் அவரால் தீர்ப்புச் சொல்ல முடியாது.