கையை முறித்தது யார்? – ஸ்கவுட்டின் வாக்கியங்களும் என் மகளின் இலக்கணப் பயிற்சித்தாளும்

என் மகள் நியூஜெர்சியில் 9-ஆம் வகுப்பு படிக்கிறாள். இந்த மாதம் முழுவதும் அவளுடைய ஆங்கில வகுப்பில் ஹார்ப்பர் லீ 1960-இல் வெளியிட்ட ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலைப் படிக்கிறார்கள். திங்கள் முதல் வியாழன் வரை நாவல், வெள்ளிக்கிழமை இலக்கணம் என்பது ஏற்பாடு. சென்ற வெள்ளிக்கிழமை செயப்பாட்டுவினை. ஒரு பந்து சன்னலை உடைத்தது, ஒரு நாய் தபால்காரரைக் கடித்தது என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 வாக்கியங்களைக் கொடுத்து, செய்வினையைச் செயப்பாட்டுவினையாகவும் செயப்பாட்டுவினையைச் செய்வினையாகவும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். மகள் இருபதுக்கு இருபது வாங்கி வந்தாள். அதே வாரம், நாவலின் கதைசொல்லியான சிறுமி ஸ்கவுட்டைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையும் திரும்பி வந்தது. ஸ்கவுட் கள்ளங்கபடமற்ற குழந்தை, அவள் கண் வழியாக நாம் ஊரைப் பார்க்கிறோம் என்பதற்கு மேல் அந்தக் கட்டுரை ஓர் அடி கூட நகரவில்லை.

இரண்டு தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. வெள்ளிக்கிழமை கற்ற இலக்கணம்தான் அந்த நாவலைத் திறக்கும் சாவி என்பதை இந்தக் குழந்தைகளுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று தோன்றியது.

நாவலின் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். அண்ணன் ஜெம்முக்கு 13 வயது நெருங்கிக்கொண்டிருந்தபோது அவனுடைய கை முழங்கையருகே மோசமாக முறிந்துபோனது என்று ஸ்கவுட் கதையைத் தொடங்குகிறாள். ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் ‘காட்… புரோக்கன்’ என்ற அமைப்பில் இருக்கிறது. ஜெம் எழுவாயாக நிற்கிறான், கை முறிகிறது, முறித்தவனுக்கு மட்டும் வாக்கியத்தில் இடமே இல்லை. தமிழில் இந்த வேறுபாடு வினைச்சொல்லிலேயே தெரிந்துவிடும். ‘கை முறிந்தது’ என்றால் விபத்து, ‘கையை முறித்தான்’ என்றால் குற்றம். தாக்கியவனின் குடும்பமான யூவெல் குடும்பத்தின் பெயர் அடுத்த பத்தியிலேயே வருகிறது என்றாலும், எல்லாவற்றையும் தொடங்கிவைத்தவர்கள் என்றுதான் வருகிறதே தவிர, கையை முறித்தவர்கள் என்று வரவில்லை. இருட்டில் அந்தப் பிள்ளைகளைத் தாக்கிய கை யாருடையது என்பது தெரிய வாசகர் 31 அத்தியாயங்களில் பெரும்பாலானவற்றைக் கடந்தாக வேண்டும். ஒரு முழு நாவலின் ரகசியத்தை ஒரு வினையமைப்புக்குள் ஒளித்துவைத்திருக்கிறார் ஆசிரியர். செயப்பாட்டுவினையைக் கற்பிக்க இதைவிட நல்ல வாக்கியம் எந்தப் பயிற்சித்தாளில் கிடைக்கும்?

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு ‘ராமா கில்ட் ராவணா’ நினைவிருக்கும். ‘ராவணா வாஸ் கில்ட் பை ராமா’ என்று மாற்றி எழுதினால் மதிப்பெண். அந்தப் பயிற்சியை நானும் நூறு முறையாவது செய்திருப்பேன். ஆனால் அந்தக் கடைசி ‘பை ராமா’வை எடுத்துவிட்டால் என்ன ஆகும், யாருக்கு அது வசதி, எந்தச் செய்தித்தாளும் எந்த அரசு அறிக்கையும் ஏன் அதை எடுத்துவிட விரும்பும் என்ற கேள்வியை எந்த ஆசிரியரும் எங்களிடம் கேட்டதில்லை. 30 ஆண்டுகள் கழித்து வேறொரு கண்டத்தில் என் மகளிடமும் யாரும் கேட்கவில்லை.

நாவலின் நடுவில் வரும் வழக்கு விசாரணையே இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. அந்த யூவெல் குடும்பத்தின் மகள் மேயெல்லா அடிக்கப்பட்டிருக்கிறாள், அதில் யாருக்கும் ஐயமில்லை. அடித்தவர் யார்? குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வழக்கறிஞரும் ஸ்கவுட்டின் தந்தையுமான ஆட்டிகஸ் ஃபின்ச் நீதிமன்றத்தில் செய்வதெல்லாம் விடுபட்ட அந்த எழுவாயைத் தேடும் வேலை. காயங்கள் அவள் முகத்தின் வலப்பக்கம் இருக்கின்றன. அவளுடைய தந்தை பாப் யூவெல் இடக்கைப் பழக்கம் உள்ளவன். குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவரான டாம் ராபின்சனின் இடக்கையோ சிறுவயதில் பஞ்சு அரவை இயந்திரத்தில் சிக்கி முடங்கிப்போனது. எழுவாய் யார் என்பது அந்த அறையில் உட்கார்ந்திருந்த அனைவருக்கும் தெரிந்த பிறகும், நடுவர் குழு வேறோர் எழுவாயை எழுதித் தீர்ப்பு சொல்கிறது.

இறுதியில் இதே கேள்வி வேறொரு முகத்துடன் திரும்பி வருகிறது. இருட்டில் பிள்ளைகளைத் தாக்கிய பாப் யூவெல் இறந்து கிடக்கிறான். அவன் தன் கத்தியின் மேல் தானே விழுந்துவிட்டான் என்று ஷெரீஃப் ஹெக் டேட் அடித்துச் சொல்கிறார். ஜெம்மைக் காப்பாற்றத்தான் ஷெரீஃப் இப்படிச் சொல்கிறார் என்று முதலில் நினைத்துக்கொண்டு ஆட்டிகஸ் மறுக்கிறார். ஷெரீஃப் காப்பாற்ற நினைப்பது, பிள்ளைகளைக் காக்க யூவெலைக் கொன்ற, பல ஆண்டுகளாக வீட்டைவிட்டு வெளியே வராத பக்கத்து வீட்டுக்காரர் பூ ராட்லியை என்பது பிறகுதான் ஆட்டிகஸுக்குப் புரிகிறது. ‘விழுந்தான்’ என்ற வினைக்குச் செயப்படுபொருளும் தேவையில்லை, செய்த இன்னொருவரும் தேவையில்லை. ஒரு மனிதரை ஊரின் பார்வையிலிருந்து மறைத்துவைக்க அந்த ஒரு வினைச்சொல் போதுமானதாக இருக்கிறது. எட்டு வயது ஸ்கவுட்டுக்கு அது உடனே விளங்கிவிடுகிறது. செய்தவர் பெயரை மறைத்த ஒரு வாக்கியத்தில் தொடங்கி, இன்னொருவர் பெயரை மறைக்கும் ஒரு வாக்கியத்தில் நிகழ்ச்சிகள் முடிகின்றன. முதல் மறைப்பு கதைக்காக, இரண்டாவது மறைப்பு கருணைக்காக. அந்தக் கருணை சட்டப்படி சரியா என்று ஒரு வகுப்பு முழுவதும் விவாதிக்கலாம். ஆனால் அந்த விவாதத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற சொற்கள் கையில் இருக்க வேண்டும்.

‘குழந்தையின் கண் வழியாகப் பார்க்கிறோம்’ என்ற தொடரையும் எல்லா ஆண்டும் எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள், அது பாதிதான் உண்மை. 1933 கோடையில் ஆறு வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் ஸ்கவுட் கதைக்குள் நடமாடுகிறாள். கதையைச் சொல்பவளோ, அந்த ஆண்டுகளை வெகுதூரத்திலிருந்து திரும்பிப் பார்க்கும் வளர்ந்த ஜீன் லூயிஸ் ஃபின்ச். இந்த இருவரும் எங்கே பிரிகிறார்கள், எங்கே ஒன்றாகிறார்கள் என்பதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் காலம் காட்டும் வினைகள்தாம். முன்பே முடிந்துவிட்ட ஒன்றை இறந்தகாலத்துக்குள் இன்னும் பின்னே தள்ளிச் சொல்லும் வினை வந்தால், பேசுவது பெரியவள். வெறும் இறந்தகாலத்தில், காரணம் சொல்லாமல், பார்த்ததை மட்டும் அடுக்கிக்கொண்டு போனால் நாம் குழந்தைக்குள் இருக்கிறோம். சிறைச்சாலை வாசலில் டாம் ராபின்சனைத் தேடி வந்த கும்பலின் நடுவே, தெரிந்த முகமான திரு. கன்னிங்ஹாமிடம் ஸ்கவுட் அவருடைய நில வழக்கைப் பற்றியும் அவர் மகனைப் பற்றியும் நலம் விசாரிக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தான் ஒரு கொலையைத் தடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. கதைசொல்லிக்குத் தெரியும், ஆனாலும் அந்த இடத்தில் அவள் எதையும் விளக்காமல் ஒதுங்கி நிற்கிறாள். அந்தப் பக்கத்தில் உள்ள வினைகளை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்க்கும் ஒரு பிள்ளை, காலங்களைப் பற்றியும் கதைசொல்லியைப் பற்றியும் ஒரே மணி நேரத்தில் கற்றுக்கொள்வாள்.

இதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இந்த நாவலே அப்படிச் சொல்லவில்லை. முதல் வகுப்பு ஆசிரியை மிஸ் கரோலைன், பள்ளிக்கு வருவதற்கு முன்பே படிக்கக் கற்றுவிட்ட ஸ்கவுட்டைக் கண்டு திகைத்து, இனி வீட்டில் கற்றுத்தர வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லச் சொல்கிறார். சேர்த்தெழுதுவதெல்லாம் மூன்றாம் வகுப்பில்தான் என்கிறார். ஆனால் ஸ்கவுட்டுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர், அந்த வீட்டில் சமையல் வேலை செய்யும் கறுப்பினப் பெண் கல்பர்னியா. மழை நாட்களில் தாளின் தலைப்பில் எழுத்துகளை எழுதிக் கொடுத்து, அதன் கீழே விவிலியத்தின் ஓர் அத்தியாயத்தையும் எழுதிவைத்து, அதைப் பார்த்து எழுத வைப்பார். எழுத்து திருப்தியாக இருந்தால் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிய ரொட்டி கிடைக்கும். இது சலிப்பூட்டும் பயிற்சிதான். ஆனாலும் அந்தப் பயிற்சியின் எல்லையில் உண்மையான ஒரு நூல் இருந்தது, எதிரே கவனமாகப் பார்க்கும் ஒருவர் இருந்தார். என் மகளின் பயிற்சித்தாளில் இல்லாதவை இந்த இரண்டும்தான்.

கல்பர்னியாவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நாவலில் இலக்கணம் என்ற சொல்லுக்கே அவர்தான் பொருள் தருகிறார். அமைதியாக இருக்கும்போது அவருடைய இலக்கணம் மேகோம்ப் ஊரில் யாருடையதற்கும் குறைந்ததல்ல, கோபம் வந்தால் அது தடுமாறும் என்று ஸ்கவுட் தொடக்கத்திலேயே கவனித்துச் சொல்கிறாள். பிறகு 12-ஆம் அத்தியாயத்தில் கல்பர்னியா பிள்ளைகளைத் தன் தேவாலயத்துக்கு அழைத்துப் போகிறார். அங்கே அவர் தன் மக்களின் பேச்சில் பேசுகிறார். அவருக்கு இரண்டு மொழிகள் உண்டு என்ற எண்ணமே அதுவரை தனக்கு வந்ததில்லை என்கிறாள் ஸ்கவுட். சரியாகப் பேசத் தெரிந்தும் ஏன் அப்படிப் பேசுகிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்க, இடத்துக்குப் பொருந்தாத பேச்சு தன் சொந்த மக்களிடம் பெருமையடிப்பதாகவே தோன்றும் என்றும், தெரிந்ததையெல்லாம் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்றும் அவர் விளக்குகிறார்.

இந்த உரையாடலை வகுப்பில் ‘கல்பர்னியா பணிவானவர்’ என்ற ஒரு வரியில் கடந்துவிட்டார்கள். எவ்வளவு பெரிய இழப்பு! கறுப்பின மக்களின் ஆங்கிலம் சிதைந்த ஆங்கிலம் அல்ல, அதற்கென்று உறுதியான விதிகள் உண்டு என்பதை மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1960-களின் இறுதியிலேயே எழுதிக் காட்டினார். கறுப்பின மாணவர்களின் பேச்சைத் தனி மொழியாக ஏற்ற கலிபோர்னியாவின் ஓக்லாந்து பள்ளி வாரியத்தின் தீர்மானத்தால் நாடெங்கும் சர்ச்சை எழுந்தபோது, அமெரிக்க மொழியியல் சங்கம் 1997 சனவரியில் அதே கருத்தை உறுதிசெய்து தீர்மானம் நிறைவேற்றியது. ஒரே வாக்கியத்தில் இரண்டு எதிர்மறைகள் வருவது அந்த வழக்கில் பிழையல்ல, விதி. ஆனால் பயிற்சித்தாளில் அதற்குச் சிவப்பு மை. மேடையில் ஒரு தமிழும் வீட்டில் ஒரு தமிழும் பேசி வளர்ந்த நமக்குக் கல்பர்னியாவின் நிலை சொல்லாமலே விளங்கும். பொதுவழக்கு ஆங்கிலத்தைப் பிள்ளைகள் கட்டாயம் கற்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதைக் கற்பதற்கு இன்னொருவரின் பாட்டி பேசும் மொழியைப் பிழை என்று கற்க வேண்டியதில்லை.

அன்று இரவு மகளிடம் ஒரு சிறிய வேலை கொடுத்தேன். தேவாலயம் வரும் அந்த 12-ஆம் அத்தியாயத்தில் லூலா என்ற பெண், வெள்ளைக்காரப் பிள்ளைகளை இங்கே ஏன் அழைத்து வந்தாய், அவர்களுக்கு அவர்கள் தேவாலயம், ‘வீ’-க்கு (ஆங்கிலத்தில் ‘we’) ‘வீ’-யின் தேவாலயம் என்று கல்பர்னியாவிடம் சண்டைக்கு வருகிறாள். அந்த ‘வீ’ தமிழில் ‘நாம்’ ஆகுமா, ‘நாங்கள்’ ஆகுமா என்று கேட்டேன். ‘நாங்கள்’ என்று சட்டென்று சொன்ன மகள், உடனே நிறுத்தி, “இல்லம்மா, லூலா கல்பர்னியாகிட்டதானே பேசறா? அப்போ ‘நமக்கு நம்ம சர்ச்’தானே? ஆனா ஜெம்மும் ஸ்கவுட்டும் அங்கயே நிக்கறாங்களே?” என்றாள். ஆங்கிலம் ஒரே சொல்லில் மூடிவைத்திருக்கும் அந்தச் சண்டையின் உள்ளடக்கம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது. கல்பர்னியா யாருடைய ‘நாம்’? பிறகு அவளே 23-ஆம் அத்தியாயத்துக்குப் போனாள். அங்கே ஜெம், உலகில் நான்கு வகை மக்கள் இருக்கிறார்கள், நம்மைப் போன்றவர்கள் ஒரு வகை என்று தங்கைக்குப் பட்டியலிடுகிறான். தன்னை வளர்த்த கல்பர்னியா அந்தப் பட்டியலில் தன் ‘நம்’முக்குள் வரவில்லை என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை என்று மகள் கண்டுபிடித்தாள்.

இந்த நாவலையே பாடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்ற குரல்கள் இருக்கின்றன. 2017-இல் மிசிசிப்பியின் பிலாக்சியில் 8-ஆம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தார்கள். 2022-இல் வாஷிங்டன் மாநிலத்தின் முகில்ட்டியோ பள்ளி வாரியம் 9-ஆம் வகுப்பின் கட்டாயப் பட்டியலிலிருந்து நீக்கியது. கறுப்பின மாந்தர்களின் வலியை ஒரு வெள்ளைக்காரச் சிறுமியின் வழியாக மட்டுமே கேட்கிறோம் என்ற குறையை நான் மறுக்கவில்லை, அது நியாயமான குறை. அந்தக் குறையைப் பிள்ளைகளே பார்க்கும்படி கற்பிக்க முடியும் என்பதுதான் என் நிலை. யார் எழுவாயாக வருகிறார்கள், யார் எப்போதும் செயப்படுபொருளாகவே இருக்கிறார்கள், ‘வீ’-க்குள் யார் இல்லை என்று எண்ணிப் பார்த்தால் நாவலின் எல்லை நாவலின் வாக்கியங்களிலேயே தெரியும்.

தனியே பிரித்த இலக்கணப் பயிற்சியால் எழுத்து வளர்வதில்லை என்பது புதிய செய்தியும் அல்ல. 1963-இல் வந்த பிராடாக் குழுவின் ஆய்வறிக்கை அதைச் சொன்னது. ஆங்கில ஆசிரியர்களின் தேசிய மன்றம் 1985-இல் தீர்மானமாகவே நிறைவேற்றியது. 2007-இல் ஆய்வாளர்கள் கிரஹாமும் பெரினும் தொகுத்த அறிக்கை, சிறு வாக்கியங்களை இணைத்து எழுதும் பயிற்சி பயன் தருவதையும், மரபான இலக்கணப் பாடம் தராததையும் அருகருகே காட்டியது.

அடுத்த வியாழக்கிழமை பெற்றோர் சந்திப்பு. ஆசிரியரைக் குறை சொல்லப் போகவில்லை. 5 வகுப்புகளில் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் தாள்களைத் திருத்தும் ஒருவருக்கு ஆயத்தப் பயிற்சித்தாள் எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்குப் புரிகிறது. நான் எடுத்துப் போவது ஒரே ஒரு பக்கம். அதில் முதல் வாக்கியமும், ஹெக் டேட்டின் வாக்கியமும், லூலாவின் வாக்கியமும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் மகள் தன் கையெழுத்தில் அதை மாற்றி எழுதி, மாற்றியதால் யார் வெளியே தெரிந்தார்கள் என்று குறித்திருக்கிறாள். வரும் வெள்ளிக்கிழமைகளில் ஒன்றையாவது இப்படி நடத்திப் பார்க்க முடியுமா என்று கேட்கப் போகிறேன்.