முதல் வலியிலிருந்து எண்ணாதீர்கள்
"பிரசவ வலி எடுத்து 12 மணி நேரம் தாண்டினால் சிசேரியன்தான், கருப்பை வாய் மணிக்கு 1 செ.மீ. திறந்தே ஆகணும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. அந்த 12 மணி நேரக் கணக்கு முதல் வலியிலிருந்து தொடங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைப்படி, கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் பிரசவத்தின் தீவிர கட்டம் தொடங்குகிறது. அதிலிருந்து முழுதாகத் திறக்க, தலைப்பிரசவத்தில் வழக்கமாக 12 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அடுத்தடுத்த பிரசவங்களில் 10. அதற்கு முந்தைய ஆரம்பக் கட்டத்துக்கு நிலையான கால அளவே கிடையாது, ஆளுக்கு ஆள் ரொம்பவே மாறும். பலர் பயந்துபோவது இங்கேதான். மணிக்கு 1 செ.மீ. வரவில்லை என்பதை மட்டும் வைத்துத் தலையிட வேண்டாம் என்றும் அதே பரிந்துரை சொல்கிறது. சரி, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ மணி பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.