பெட்டியைத் திறந்த பிறகுதான் என் சமையல் திட்டம்

பண்ணைக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு, விளைச்சலில் நம் பங்காக வாராவாரம் பெட்டியில் வரும் காய்கள் வீணாகாமல் இருக்க, சமையலை முன்கூட்டியே திட்டமிடச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. மூன்று வருடமாகப் பங்கு வாங்கும் எனக்கு அது சரிப்பட்டு வரவில்லை. என்ன வரும் என்பதை மழையும் வெயிலும்தானே முடிவு செய்கின்றன!

பெட்டி வந்த முதல் அரை மணி நேரம்தான் முக்கியம். முள்ளங்கி, பீட்ரூட், கேரட் இலைகளை உடனே நறுக்கிப் பிரித்துவிடுங்கள். விட்டுவைத்தால் கிழங்கின் ஈரத்தை இலை இழுத்துக்கொள்ளும். சில நாளிலேயே முள்ளங்கி ரப்பர் மாதிரி வளையும். இலையையும் எறியாதீர்கள். பீட்ரூட் இலையைப் பூண்டோடு வதக்கிப் பாருங்கள், அத்தனை ருசி! சிவந்த தண்டை மட்டும் இரண்டு நிமிடம் முன்னதாகப் போட வேண்டும்.

கீரை வகையை முதல் இரண்டு நாளில் முடித்துவிடுவேன். கிழங்கும் பூசணியும் காத்திருக்கும். இனிப்புச் சோளம் வந்தால் அன்றைக்கே வேகவைத்துவிடுவேன். பறித்ததிலிருந்தே அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். பழுக்காத தக்காளியைத் தயவுசெய்து ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், மணமே வராது.

ஒரே காய் தொடர்ந்து மூன்றாவது வாரமும் வந்தால் அலுப்பு தட்டுவது உண்மைதான். அப்போது பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன்.